உப்பு வாணிகனின் படுக்கை

மதுரை விளக்குத்தூண் பக்கம் காலை ஐந்தரை மணி. ஜவுளிக்கடைகளின் ஷட்டர்கள் இன்னும் ஏறவில்லை. ஒரே ஒரு டீக்கடை மட்டும் திறந்திருக்கிறது. நாங்கள் பதினொரு பேர். ஒருவரை ஒருவர் அவ்வளவாகத் தெரியாது. எங்களை அழைத்துப்போகிற ஐயா தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல்நாள் போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி கொண்டாங்க. செருப்பு நல்லதாப் போடுங்க. நோட்டு வேண்டாம். மொதல்ல பாருங்க, ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்."

அப்படி எழுதியவைதாம் இவை. சில மாதங்களின் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், கால் வலியோடு எழுதியவை.

*

விளக்குத்தூணை நான் சிறுவயது முதல் பார்க்கிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தால் கூட்டத்தில் பிரிந்துபோகிறவர்கள் வந்து நிற்க வேண்டிய இடம் அது. யாருக்காக வைத்த தூண் என்று அன்றுவரை நான் கேட்டதில்லை. 1830-களிலும் 1840-களிலும் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். மதில் போன இடத்தைச் சுற்றி வெளி வீதிகள் வந்தன. இடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்களே பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று நிலைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வெங்காயம் வாங்க மாரட் வீதிக்கு எத்தனை முறை போயிருப்பேன். மாரட் ஒரு ஆள் என்பதே புதிதாக இருந்தது.

72 கொத்தளங்கள் இருந்த மதிலில் இன்று கண்ணுக்குத் தெரிவது பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் மேல வெளி வீதியில் நிற்கிற ஒரே ஒரு துண்டு. பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள் அதன் நிழலில்தான் ஓடுகிறார்கள். ஐயா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நாங்களும் வைத்தோம். விடிகாலையிலும் கல்லில் முந்தின நாள் வெயில் மிச்சம் இருந்தது.

பிறகு கிருதுமால். துவரிமான் பக்கம் தொடங்கி ஊருக்கு நடுவே ஓடி, தெற்கே பல கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன நதி. இப்போது பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஐயா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். "இதைச் சாக்கடைன்னு சொல்லாதீங்க. சாக்கடையா ஆக்கி வச்சிருக்கோம். பேரை மாத்திட்டா பெறகு மீட்கவே முடியாது." அன்று முதல் நான் கிருதுமால் என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்கிறேன்.

*

மதுரையைப் பார்க்க வேண்டுமானால் மதுரையை விட்டு வெளியே நடக்க வேண்டும் என்பது ஐயாவின் எண்ணம். அடுத்த ஞாயிறு கிடாரிப்பட்டி போனபோது அது எனக்குப் புரிந்தது.

மேலூர் – அழகர்கோவில் சாலையில் இருக்கிற ஊர். அழகர்மலையின் கோடியில் ஒரு பெரிய குகைத்தளம். ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளில் இதே பெயர்தான். யாரோ சிலர் இங்கே படுத்திருந்தார்கள் என்ற நினைவு ஊருக்கு மிஞ்சியிருக்கிறது. யார் என்பது மறந்துபோனதும், வனவாசம் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். படுத்தவர்களும் வீட்டை விட்டு நடந்தவர்களே.

அவர்கள் சமணத் துறவிகள். வண்டி ஏறக்கூடாது, ஓரிடத்தில் தங்கிவிடக்கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்து நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் இருக்கலாம். மழையில் கால் வைத்தால் புழுப்பூச்சி மிதிபடும் என்பதால் அந்த விதி. அப்படித் தங்குகிறவர்களுக்காக வெட்டியவைதாம் இந்தக் கற்படுக்கைகள். பாறைத் தரையைச் சமமாக இழைத்து, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடு விட்டிருக்கிறார்கள். கல் தலையணை. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி. மழைநீர் பாறை மேலிருந்து வழிந்து உள்ளே வராமல், அந்தக் காடியோடு வெளியே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அது வேலை செய்கிறது. நாங்கள் போனதற்கு முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. காடிக்கு வெளியே பாறை ஈரம்; உள்ளே பொடி மண் அப்படியே காய்ந்து கிடந்தது.

ஐயா ஒரு நீளக் குச்சியை எடுத்து மேலே காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறையின் தழும்புகளாகத்தான் தெரிந்தன. வெயில் சாய்வாக விழும்வரை காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒளி நகர்ந்தது. தழும்புகளுக்கு விளிம்பு வந்தது. பிறகு அவை எழுத்துகளாயின. தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நாங்கள் பள்ளிப்பிள்ளைகள் போலத் திருப்பிச் சொன்னோம். ம, தி, ரை.

மதிரை. எங்கள் ஊர்ப்பெயர்.

மதிரையைச் சேர்ந்த பொன்கொல்லன் ஆதன். மதிரையின் உப்பு வாணிகன் வியக்கன். இன்னும் துணி விற்றவர் ஒருவர். அறுவை வாணிகன் என்று எழுதியிருக்கிறது. ஏருக்குக் கொழு விற்றவர் ஒருவர். பாணிதம், அதாவது வெல்லப்பாகு விற்றவர் ஒருவர். இவர்கள் சேர்ந்து இந்தப் படுக்கைகளுக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள். அரசன் பெயரைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, பாறையில் இருப்பது ஒரு கடைவீதி.

இதை எழுதும்போது அந்த நிமிடம் திரும்ப வருகிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் இன்றும் நகைக்கடைகள். கீழமாசி வீதியில் பலசரக்கு மண்டிகள்; மூட்டை இறக்கும்போது வெல்லமும் புளியும் சேர்ந்த ஒரு மணம் தெருவில் நிற்கும். விளக்குத்தூணைச் சுற்றி ஜவுளிக்கடைகள். தூங்கா நகரம் என்று எங்கள் ஊருக்குப் பெயர். இரவு இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும் என்று பெருமை சொல்லிக்கொள்வோம். அந்தத் தூங்காத ஊரின் வியாபாரிகள், கடையடைத்து இவ்வளவு தூரம் வந்து, யாரோ படுத்துத் தூங்குவதற்குக் கல்லில் இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். உப்பு விற்ற காசில் ஒரு படுக்கை.

வியக்கனுக்கு அந்த ஆண்டு நல்ல வியாபாரமா, இல்லை ஏதாவது ஒரு துக்கத்துக்குப் பிறகு நேர்ந்துகொண்டாரா? பாறை அதைச் சொல்லவில்லை. தொழிலும் பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு மனிதனைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுக்கு மிஞ்ச வேண்டியவை இவை மூன்றும் என்றால், அது குறைவாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் இறங்கத் தொடங்கியதும் நான் சற்றுப் பின்தங்கி, ஒரு படுக்கையில் படுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். படுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கீழே வயல், அதற்கப்பால் தென்னை, அதற்கும் அப்பால் சமவெளி மங்கலாகப் போய்க்கொண்டே இருக்கிறது. குகைக்குள் காற்று வேறு. வேர்வை உலர்ந்து உடம்பு குளிர்ந்தது. தங்குவதற்கு இடம் தேடியவர்கள் வெகுகவனமாகத் தேடியிருக்கிறார்கள்.

*

கொங்கர்புளியங்குளத்துப் பாறையில் குழிகள் உண்டு. வெளியே பந்தல்கால் நட்ட குழிகள். அங்குள்ள கல்வெட்டொன்று, கூரை கொடுத்தவன் என்று ஒருவனைச் சொல்வதாக கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். படுக்கை ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் கூரை வேய்ந்து கொடுத்திருக்கிறார். ஓலை போய்விட்டது. குழி இருக்கிறது. குழியில் மழைத்தண்ணீர் நின்றது. ஒரு மைனா வந்து குடித்துவிட்டுப் போனது.

*

மாங்குளம், ஓவாமலை. இங்கே ஏற்றம் கடினம். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். எங்களுக்கு முன்னால் ஏறி, பாறையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்.

ராபர்ட் சிவெல் 1882-இல் இங்குள்ள குகை எழுத்துகளைக் கவனித்தார். ஆனால் என்ன மொழி என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர்தான், இவற்றில் ற, ன, ழ போன்ற தமிழுக்கே உரிய ஒலிகள் இருப்பதைக் கண்டு, இது தமிழ் என்று எடுத்துச் சொன்னார். 1960-களில் மகாதேவன் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை இதில் வாசித்தார். சங்கப் பாட்டில் கேட்ட பெயர் கல்லில் கிடைத்தது. கணி நந்தன் என்ற துறவிக்காக அந்த நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவரும், வெள்ளறை நிகமத்தாரும் கொடுத்த கொடைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. நிகமம் என்றால் வணிகர் குழு.

எண்ணிப் பார்க்கிறேன். எழுத்து கண்ணில் பட்டது ஒரு தலைமுறையில். மொழி விளங்கியது அடுத்த தலைமுறையில். பெயர் துலங்கியது அதற்கும் அடுத்த தலைமுறையில். அந்த எண்பது ஆண்டும் பாறை பொறுமையாக இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். ஒதுங்கியவர்களின் தலைக்கு மேலேயே தமிழின் மிகப் பழைய வரிகள் இருந்தன.

வழிகாட்டி என்பவர் என்ன செய்கிறார்? வழி ஊர்க்காரர்களுக்கே தெரியும். ஒற்றையடிப் பாதை போட்டவர்கள் அவர்கள்தாம். இவர் செய்வது வேறு. நிற்க வைக்கிறார். நாமாகப் போனால் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுகிற இடத்தில், ஒன்றரை மணி நேரம் நிற்க வைக்கிறார். அந்த ஒன்றரை மணிக்குள் பாறை பேசத் தொடங்கிவிடுகிறது.

*

கீழவளவுக் குன்றில் உள்ள கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. கொடுத்தவன் தொண்டிக்காரன். கடற்கரையிலிருந்து வந்தவன். வெட்டிய தச்சன் எங்கே நின்று எப்படிச் சாய்ந்து வெட்டினானோ. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

கீழவளவைச் சுற்றிலும் வேறொன்றையும் பார்த்தேன். அறுத்தெடுத்த கிரானைட் பாறைகளின் செங்குத்தான சுவர்கள். அடியில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். ஒரு காலத்தில் குன்றாக இருந்த இடம் இப்போது ஒரு பெரிய சதுரப் பள்ளம். 2012-இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் இந்தக் குவாரிகளால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று எழுதியபோதுதான் வெளியூர்களுக்கு இது தெரிந்தது. பணக்கணக்கு அது. போன குன்றுகளில் எத்தனை படுக்கைகள், எத்தனை பெயர்கள் இருந்தன என்று கணக்கெடுக்க இனி வழியில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபம் இரவில் எழுதும்போதும் அடங்கவில்லை. அதை அடக்கி எழுத வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

*

கீழக்குயில்குடி. நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். மலைக்கடியில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். விழுதுகளுக்கு நடுவே நின்றால் வெயில் தெரியாது.

செட்டிப்புடவு என்ற குகையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம். நீண்ட காது, அமர்ந்த கோலம், பருத்த உடம்பு. ஊரார் கண்ணுக்கு வசதியான ஒரு செட்டியாராகத் தெரிந்திருக்கிறார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. இதை அறியாமை என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உருவத்தை ஊர் உடைக்காது. சமணம் இந்தப் பக்கத்திலிருந்து போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. செட்டியாராக இருந்ததால் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே பேச்சிப்பள்ளம். பேச்சியம்மன் பெயரில் ஒரு சுனை. சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக எட்டு உருவங்கள். அவற்றின் அடியில் வட்டெழுத்துகள், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தியவை. நின்றும் அமர்ந்தும் இருக்கிறவர்களின் முகத்தில் ஒரே அமைதி.

அச்சணந்தி என்ற துறவியின் பெயரை நாங்கள் அதற்குள் பல இடங்களில் கேட்டுவிட்டோம். கிடாரிப்பட்டிக் குகையில் ஓர் உருவத்துக்கு அருகே. யானைமலையில். கருங்காலக்குடியில். கொங்கர்புளியங்குளத்தில். தேனிப் பக்கம் உத்தமபாளையத்திலும், தெற்கே ஏர்வாடியிலும், வடக்கே வெகுதூரத்தில் வள்ளிமலையிலும்கூட இருக்கிறதாம். 9-ஆம் நூற்றாண்டு. பக்தி இயக்கம் ஓங்கி, சமணம் செல்வாக்கு இழந்துவந்த காலம். ஒருவர் குன்று குன்றாக நடந்து, பழைய படுக்கைகள் கிடந்த குகைகளைத் தேடிப்போய், உருவம் வெட்டுவித்துக்கொண்டே போயிருக்கிறார். தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை நடந்த கால்கள்.

பேச்சிப்பள்ளத்து வரிசையில் ஓர் உருவத்தின் கீழே ஐயா விரலை வைத்தார். "இதைச் செய்வித்தது அச்சணந்தி இல்லை. அவரோட தாயார். குணமதியார்."

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எங்களோடு வந்திருந்த ஓர் அம்மா, பள்ளி ஆசிரியை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துறந்துபோன மகன். வீட்டுக்குத் திரும்பாதவன். எந்த மலையில் இருக்கிறான் என்று யாராவது வழிப்போக்கர் சொன்னால்தான் தெரியும். அவனைப் பெற்றவள் ஒரு திருமேனி செய்து வைக்கிறாள். மகன் எதைப் பின்தொடர்ந்து வீட்டை விட்டுப் போனானோ, அதையே அவளும் கல்லில் வெட்டச் சொல்கிறாள். அதற்கடியில் எழுத வேண்டியது வந்தபோது, அச்சணந்தியின் தாய் என்றுதான் எழுதச் சொல்லியிருக்கிறாள். மகன் உறவைத் துறந்திருக்கலாம். அவள் துறக்கவில்லை.

நான் அந்தச் சுனைக்கரையில் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. மலையுச்சியில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது, ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது என்று மற்றவர்கள் ஏறிப் போனார்கள். நான் கீழேயே இருந்தேன். என் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. வெளியூரில் வேலையில் இருந்தபோது, யாரைப் பார்த்தாலும் நான் எப்படி இருக்கிறேன் என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள் என்று பின்னால் சொல்லக் கேட்டேன். தண்ணீரில் அந்த எட்டு உருவங்களும் தெரிந்தன. காற்று வந்தபோது கலைந்தன. பிறகு திரும்பவும் வந்தன.

*

யானைமலை. ஒத்தக்கடையில் இறங்கினால் நேராகத் தெரிகிறது, படுத்திருக்கும் யானை. நரசிங்கப் பெருமாள் குடைவரையை வெட்டத் தொடங்கியவர் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி. கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்துவைத்தார். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த செய்தியும் கல்லிலேயே இருக்கிறது.

இந்த மலையைச் சிற்ப நகரமாக மாற்றப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் எழுந்து நின்றார்கள், திட்டம் போனது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் அப்போது யானைமலை பற்றி எழுத, படித்தவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்க, 2010-இல் பசுமை நடை பிறந்தது. ஞாயிறு காலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மலைகளுக்கு நடந்தார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையில் நின்று கல்வெட்டுகளை விளக்க, குழந்தைகள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு மரத்தடியில் காலை உணவு. இன்று மதுரையில் முப்பது வயதில் இருக்கிற பலருக்குத் தமிழி எழுத்து நாலாவது தெரியும் என்றால் அந்த நடைகள்தாம் காரணம். வெ. வேதாசலம் எண்பெருங்குன்றம் என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். மதுரையைச் சூழ்ந்த எட்டுச் சமணக் குன்றங்களை ஒரு பழைய வெண்பா அடுக்கிச் சொல்கிறது; அதைத் துருவிப்போன நூல். ஐயா போன்றவர்கள் இவர்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவர்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஐயா என்றே எழுதுகிறேன்.

*

கடைசியாக அரிட்டாபட்டி. இதற்கு மட்டும் இரண்டு முறை போனேன்.

ஏழு குன்றுகள். எழுபதுக்கும் மேற்பட்ட நீர்நிலைகள், இருநூறு சுனைகள். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மொட்டைப் பாறை. பாறையில் விழும் மழை வீணாவதில்லை. சரிந்து சுனைக்கு, சுனை நிறைந்து ஓடைக்கு, ஓடை கண்மாய்க்கு, கண்மாய் மடை வழியே வயலுக்கு. இதைக் கரையில் நின்றே விரல் நீட்டிக் காட்டலாம். கழிஞ்சமலையில் பாண்டியர் காலச் சிவன் குடைவரை. வாசலுக்குப் பக்கத்தில் கையில் தண்டோடு இலகுலீசர். தமிழ்நாட்டில் அரிதாகக் காணக்கூடிய உருவம். இன்னொரு பக்கம் தீர்த்தங்கரர், அருகில் வட்டெழுத்து. குகை நெற்றியில் தமிழிக் கல்வெட்டு இரண்டு. அதில் ஒன்று 2003-இல்தான் கண்ணில் பட்டது. அவ்வளவு காலம் கண்ணுக்கு மேலேயே இருந்து, யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதில் கொடை கொடுத்தவர் இலஞ்சி வேள் ஒருவரின் மகன். இலஞ்சி என்ற ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறுகளும் ராசாளிக் கழுகும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழ்கிற இடம். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது.

கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா எங்களைப் பார்த்துக் கேட்டது:

"எழுத்துப் பாக்க வந்தீகளா?"

"ஆமா அப்பத்தா. நீங்க பாத்திருக்கீங்களா?"

"சின்னப்புள்ளயில அதுக்குக் கீழதான் வெளயாடுவோம். அது எழுத்துன்னு யாரு கண்டா? இப்ப தெரிஞ்சுபோச்சு. ஏழு ஊருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அந்த ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அப்பத்தாவும் நடந்ததாம்.

"முழுசும் நடந்தீங்களா?"

"பாதியில கால் வீங்கிப்போச்சு. பேரன் வண்டியில ஏறுன்னான். நாட்டுச் சனம் பூராம் நடக்குது, நான் மட்டும் வண்டியில போவேனா? மெதுவா நடந்தேன். போய்ச் சேந்துட்டேன்ல."

ஐயா அதுவரை பேசிக்கொண்டிருந்தவர், கீழே உட்கார்ந்துவிட்டார். அப்பத்தாவை நோக்கிக் கைகூப்பினார். அதற்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலைப் பையை எடுத்து அவருக்கு ஒரு வெற்றிலை கொடுத்தது.

முந்தின டிசம்பரிலேயே சட்டமன்றம் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மதுரையிலிருந்து மலைக்கு நடந்து வந்து படுக்கை கொடுத்தவர்களின் பெயர்களைத்தான் இத்தனை மாதமும் வாசித்துக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து மதுரைக்கு நடந்தவர்களின் பெயர்கள் எந்தப் பாறையிலும் இல்லை. அந்தப் புளியமரத்தடியில் நான் கேட்டது அவர்களில் ஒருவரின் குரலை.

*

ஒரு வேண்டுகோள். பல குகைகளில், தமிழிக்கு ஒரு முழம் தள்ளி, சில இடங்களில் அதன் மேலேயே, பெயின்டிலும் ஆணியிலும் பெயர்களும் இதயக் குறிகளும் கிறுக்கிக் கிடக்கின்றன. பேச்சிப்பள்ளத்துச் சுனையில் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. எங்களால் முடிந்தவரை எடுத்துவந்தோம். பாறையில் எதையும் எழுதாதீர்கள். கற்படுக்கையில் செருப்போடு ஏறாதீர்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்தால் அதுவே தெரியும். கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மதுரைக்கு வருகிறவர்கள் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டு, ஒரு காலைப் பொழுதைக் கிடாரிப்பட்டிக்குக் கொடுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரையும் கூடவே அழைத்துப் போங்கள். விடியும்முன் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும்.